தேக்கு மேசைப்பலகை கச்சான் காற்றுக்கு வெடிக்குது, லாச்சி (இழுப்பறை) மாரிக்கு இறுகுது: என்ன செய்யலாம்?

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பின்விறாந்தையில் கைக்கருவிகளை வைத்துத் தச்சு வேலை பழகுகிறேன். போன கார்த்திகையில் செய்த எழுதுமேசை ஒன்று மூன்று விதமாகப் பிரச்சினை தருகிறது.

மேற்பலகை 4 அடிக்கு 2 அடி. முக்கால் அங்குலத் தேக்குப் பலகை நாலு, பக்கத்தோடு பக்கம் ஒட்டியது. கால்கள் முதிரை, சட்டம் நாலும் தேக்கு. சட்டத்தின் மேல்விளிம்பு முழுக்க வெள்ளைப் பசை பூசி மேற்பலகையை இருத்தி, உட்பக்கத்தால் சரிவாகத் துளைத்து 12 ஸ்க்ரூவும் முறுக்கியிருக்கு. பொலிஷ் சீலர் ரெண்டு கை (பூச்சு), லக்கர் மூன்று கை, எல்லாம் பிரஷால், அடைமழைக்குள்.

லக்கர் காயும்போதே வெள்ளை பூத்துவிட்டது. தை மாதம் லாச்சி இறுகி இழுக்க ஏலாமல் போச்சு. இப்ப கச்சான் (கோடையில் அடிக்கிற காய்ந்த வெக்கைக் காற்று) தொடங்கினபிறகு மேற்பலகையின் வலது நுனியிலிருந்து நாரோடு 14 அங்குல நீளத்துக்கு வெடிப்பு, நுனியில் 2 மி.மீ. அகலம். ஒட்டின மூட்டு ஒன்றும் விடவில்லை, பலகைதான் பிளந்திருக்கு.

மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு மேலால் இன்னொரு கை லக்கர் அடித்தால் சரி என்கிறார்கள். செய்யலாமா? ட்ரில் மெசின் தவிர மின்கருவி ஒன்றும் இல்லை.

—

கழுந்து (வந்தாறுமூலை)

அடைக்காதீங்க தம்பி, முதல் அந்தப் பலகையைச் சட்டத்தில் இருந்து விடுவிங்க. மரத்தில் பழுதில்லை, பூட்டின விதத்தில்தான் பழுது.

மரம் நீளப்பாட்டில் கூடிக் குறைவது கணக்கில் எடுக்கிற அளவில்லை. அகலப்பாட்டில்தான் விளையாட்டெல்லாம். 30 பாகை வெக்கையில் காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக நின்றால் மரத்துக்குள் ஈரம் 11, 12 வீதத்தில் போய் நிற்கும். 85 வீதமானால் 17 வீதத்துக்குக் கிட்ட ஏறும். பொலிஷ் அடித்த மேசை அவ்வளவு தூரம் ஆடாது, 4 வீதம் என்று வைப்பம். தேக்கு ஈரம் ஒரு வீதம் மாறினால், வளையம் படுத்துக்கிடக்கிற பலகையில் அகலத்தின் 0.19 வீதம் கூடிக் குறையும். வளையம் நிமிர்ந்து நிற்கிற பலகையில் 0.1 வீதம். உங்கட 600 மி.மீ. பலகைக்கு அது 4.5 மி.மீ., அல்லது 2.4 மி.மீ.

நீங்க கார்த்திகையில் ஒட்டியிருக்கிறீங்க. பலகை ஊதி நின்ற நேரம். குறுக்குச்சட்டம் ரெண்டும் மேற்பலகையின் நாருக்குக் குறுக்கே ஓடுது, அதில் பசையும் ஸ்க்ரூவும். கச்சான் அடிக்கப் பலகை சுருங்கப் பார்க்குது, சட்டம் விடுகுதில்லை. நுனியால்தான் ஈரம் கெதியாக வெளியேறும், பிடிப்பும் அங்கேதான் கிடக்கு. வெடிப்பு நடுவில் வராமல் நுனியில் தொடங்கினதுக்கு அதுதான் காரணம். நீளச்சட்டம் ரெண்டிலும் நார் ஒரே பக்கம் ஓடுறபடியால் அது தனியாக இந்தத் தொல்லையைத் தந்திராது.

கழட்டுற விதம்: ஸ்க்ரூ எல்லாத்தையும் எடுத்துவிட்டு மேசையைக் கவிழ்த்து வைங்க. இரும்பு வாள் பிளேட் ஒன்றைத் துணியால் சுத்திப் பிடித்து, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் நுனியால் நுழைத்து, பசைக்கோட்டை அறுத்துக்கொண்டு போங்க. இறுகின இடத்தில் வெதுவெதுப்பான வினாகிரியைத் துணியில் நனைத்து ஒரு மணித்தியாலம் வைத்தால் வெள்ளைப் பசை இளகும். உளியை வைத்து நெம்பாதீங்க, தேக்கு சிராய் சிராயாகக் கிளம்பும்.

திருப்பிப் பூட்டப் பசை வேண்டாம். 25 மி.மீ. சதுர ரீப்பைகளைச் சட்டத்தின் உட்பக்கத்தில் ஒட்டி ஸ்க்ரூ போடுங்க. ரீப்பையின் மேல்முகம் சட்டத்தின் மேல்விளிம்பை விட அரை மி.மீ. கீழே நிற்கட்டும், அப்பதான் ஸ்க்ரூ பலகையை இழுத்து இருத்தும். ரீப்பையில் 200 மி.மீ. தூரத்துக்கு ஒன்றாக, கீழிருந்து மேலே போகும் துளை. துளை வட்டமாக இருக்கக்கூடாது. 5 மி.மீ. துளை ரெண்டு பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவை உளியால் எடுத்து 11 மி.மீ. நீளமாக்குங்க. நீளம் எப்பவும் மேசையின் முன்-பின் பக்கமாக ஓடவேணும், எந்தச் சட்டத்தில் என்றாலும் அப்படித்தான். குறுக்குச்சட்டம் ஒவ்வொன்றின் சரி நடுவிலும் ஒரேயொரு வட்டத்துளை போடுங்க. அதுதான் பலகையை நடுவில் பிடித்து வைக்கும், விரிவது ரெண்டு பக்கமும் பாதி பாதியாகப் போகும்.

இன்னொரு விசயம், பலர் தவறவிடுறது. இப்ப கச்சானில் பூட்டுறபடியால் பலகை சுருங்கின நிலையில் இருக்கு, இனி வெளிப்பக்கமாகத்தான் விரியும். ஆனபடியால் ஒவ்வொரு நீள்துளையிலும் ஸ்க்ரூவை உட்பக்க நுனியில் போடுங்க, வெளிப்பக்கம் வெறுமையாகக் கிடக்கட்டும். மாரியில் பூட்டுறதென்றால் மறுவளமாக.

8ஆம் நம்பர் ஸ்க்ரூ, ஒன்றரை அங்குலம், வொஷரோடு. ரீப்பை 25 மி.மீ. போக 12 மி.மீ. தான் பலகைக்குள் இறங்கும். 2 அங்குலம் போட்டால் மேலால் கிளம்பிவிடும். இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், கடற்காத்துக்குத் துருப்பிடித்துத் துளையைச் சுத்திக் கறுத்துப்போகும். பித்தளை நல்லம், ஆனா மெதுவானது, தலை முறியும். முதல் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முறுக்கி வழி எடுத்துவிட்டுக் கழட்டி, பித்தளையைப் போடுங்க.

—

மரக்காலை (சம்மாந்துறை)

கழுந்து சொன்னதெல்லாம் சரி. அந்தத் தூளும் பசையும் ஏன் ஆகாது என்று நான் சொல்றன் தம்பி.

வெடிப்பு இப்ப அகன்று நிற்குது. அதுக்குள்ள பசைத்தூளை இறுக்கி அடைச்சா கல்லு மாதிரிக் காயும். மறுகா ஐப்பசி, கார்த்திகையில் பலகை ஊதி வெடிப்பு மூடப் பார்க்கும். உள்ளே இடமில்லை. ஒன்றில் அடைச்சது மேலால் பிதுங்கும், இல்லாட்டி ஆப்பு வைச்ச கணக்கில் வெடிப்பின் நுனி இன்னும் உள்ளே ஓடும்.

பலகையைக் கழட்டினதும் ஒட்ட ஓடாதீங்க. நிழலில், ரெண்டு பக்கமும் காத்துப்படுற மாதிரி ரீப்பைக்கு மேல ரெண்டு கிழமை கிடக்கட்டும். பிடிப்பு விட்டதும் வெடிப்பு தானாக ஒடுங்கும். பிறகு கிளாம்ப் ஒன்றைக் கையால் லேசாக முறுக்கிப் பாருங்க. சிரமமில்லாமல் மூடுதென்றால் அப்படியே ஒட்டலாம். பசையில் பத்தில் ஒரு பங்கு தண்ணி விட்டு இளக்கி, வெடிப்பின் மேல் ஊத்தி, மெல்லிய தகட்டால் உள்ளே தள்ளுங்க. கீழ்ப்பக்கத்தால் பசை தலைகாட்டும் வரைக்கும் தள்ளவேணும். மறுகா கிளாம்ப்.

பலம் போட்டு முறுக்கினாத்தான் மூடுதென்றால் ஒட்டவேண்டாம், அந்த இறுக்கம் பலகைக்குள்ளேயே நிற்கும், அடுத்த கச்சானுக்குப் பக்கத்தில் வெடிக்கும். வெடிப்போடு கோடு கீறி முழு நீளத்துக்கும் அரிந்து ரெண்டாக்கிவிட்டுப் புதுசாக ஒட்டுங்க. வாள் தின்றதும் சீவினதுமாக 4 மி.மீ. அகலம் குறையும், அவ்வளவுதான்.

விளிம்பைச் சீவேக்க ரெண்டு துண்டையும் புத்தகம் மூடின மாதிரி முகத்தோடு முகம் சேர்த்து வைஸில் பிடித்து, ரெண்டு விளிம்பையும் ஒரே தரத்தில் சீவுங்க. சீவுளி கொஞ்சம் சரிந்து போனாலும் ஒரு துண்டில் வந்த சரிவு மற்றத் துண்டில் மறுவளமாக விழும், விரிச்சு வைச்சா சமன். நடுவில் ஒரு கடதாசி நுழையிற அளவு இடைவெளி இருந்தாப் பரவாயில்லை, கிளாம்ப் மூடும். நுனியில் இடைவெளி இருக்கக்கூடாது.

தேக்கில் எண்ணெய் ஓடும். சீவி அன்றைக்கே ஒட்டவேணும், ஒட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னம் சுத்தமான துணியில் அசிற்றோன் அல்லது தின்னர் தொட்டு விளிம்பைத் துடைச்சு, ஆவி போனதும் பசை. துணியில் மஞ்சள் ஏறும், அதுதான் அந்த எண்ணெய். 4 அடி விளிம்பு ஒன்றுக்கு 5 கிராம் பசை காணும். நம்ம வெக்கைக்கு 5 நிமிசத்தில் தோல் பிடிக்கத் தொடங்கும், ஆனபடியால் கிளாம்பெல்லாம் திறந்து ஆயத்தமாக இருக்கட்டும். ஓர் அடிக்கு ஒன்று, ஒன்று மேலால் ஒன்று கீழால். விளிம்பில் மணிமணியாகப் பசை வந்தால் நிப்பாட்டுங்க. 24 மணித்தியாலம் போகாமல் சீவுளி வைக்கவேண்டாம்.

—

வாவிக்கரை (கல்லடி)

கழுந்து அண்ணன், மரக்காலை நானா, ரெண்டு பேருக்கும் நன்றி. பலகையைக் கழட்டிவிட்டேன், பசை பிளேட்டுக்கே விட்டுது. ஒரு சந்தேகம். அடுத்த முறை மரம் வாங்கும்போது காய்ந்ததா என்று ஈரம் பார்க்கிற மீற்றர் இல்லாமல் எப்படி அறியிறது? மரக்காலையில் (மரம் விற்கிற இடத்தில்) கேட்டால் எல்லாமே காய்ந்த மரம்தான்.

—

மரக்காலை (சம்மாந்துறை)

மரக்காலையில் வேற என்ன சொல்லுவாங்க!

வீட்டில் கேக் சுடுற அவனும் சமையல் தராசும் இருந்தாப் போதும். பலகையின் நுனியில் இருந்து எடுக்காதீங்க, நுனி எப்பவும் காய்ந்துதான் இருக்கும். ஓர் அடி உள்ளுக்கு வெட்டி, ஒரு அங்குல அகலத்தில் குறுக்குத்துண்டு ஒன்று எடுங்க. 100 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லம். வெட்டின கையோடு நிறுத்து எழுதுங்க. பிறகு அவனில் 103 பாகைக்குக் கிட்ட வைச்சு, நிறை குறையிறது நிக்கும் வரைக்கும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுங்க. குறைந்த நிறையைக் காய்ந்த நிறையால் பிரிச்சு நூறால் பெருக்கவேணும். 115 கிராம் 100 ஆக வந்து நின்றால் 15 வீதம். நம்ம பகுதியில் வீட்டுத் தளபாடத்துக்கு 12 முதல் 14 வரை நல்லம். 18க்கு மேல என்றால் அடுக்கி வைங்க.

அடுக்குறதென்றால் நிலத்தில் இருந்து ஓர் அடி உயரத்தில், பலகைக்குப் பலகை 20 மி.மீ. ரீப்பை, ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலிருந்து கீழ் வரைக்கும் ரீப்பைகள் ஒரே நேரில் நிக்கட்டும், இல்லாட்டிப் பலகை வளையும். நுனி ரெண்டுக்கும் பழைய பெயின்ற் தடவுங்க. மழை படாமல் கூரை, பக்கமெல்லாம் திறந்து. பொலித்தீனால் மூடினா நீலம் பூக்கும்.

வாங்கேக்க வெள்ளையையும் (வெளிப்பக்கத்து வெளிர் மரம்) வைரத்தையும் (உள்ளே முற்றின மரம்) பிரிச்சுப் பாருங்க. இளந்தேக்கில் வெள்ளை அதிகம், அதைத்தான் உளு (மரம் அரிக்கிற வண்டு) தேடி வரும். மற்றது, தேக்கு, முதிரை போன்ற மரம் ஏற்றிப் பறிக்க வன இலாகா அனுமதிப்பத்திரம் வேணும். மரக்கூட்டுத்தாபனத்தில் எடுத்தாலும் தனியார் மரக்காலையில் எடுத்தாலும் பற்றுச்சீட்டை எறியாதீங்க, வழியில் மறிச்சாக் கேட்பாங்க.

—

அரக்கு (களுவாஞ்சிகுடி)

பொலிஷ் பற்றி ஒருத்தரும் தொடவில்லை.

வெள்ளை பூத்ததுக்குக் காரணம் லக்கரின் தரம் இல்லை, நேரம். தின்னர் கெதியாகப் பறக்கேக்க மேற்பரப்பைக் குளிராக்கும். மாரிக் காத்தில் கிடக்கிற ஈரம் அந்தக் குளிர்ந்த படையில் தண்ணியாக இறங்கி உள்ளே மாட்டுப்படும். அதுதான் வெள்ளை. ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல என்றால் லக்கர் வேலையைத் தொடாமல் விடுறதுதான் புத்தி. செய்துதான் ஆகவேணும் என்றால் தின்னரில் பத்து, பதினைந்து வீதம் ரிட்டார்டர் (காயிறதை மெதுவாக்குற திரவம்) கலந்து, காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடிக்கவேணும்.

மேற்பலகையின் வெள்ளையை மாற்ற மினக்கெடாதீங்க. ஒட்டினபிறகு எப்படியும் சமப்படுத்தத்தான் வேணும், சுரண்டு தகட்டால் எல்லாத்தையும் எடுத்துவிடுங்க. கால், சட்டம் ரெண்டுக்கும் இப்ப இருக்கிற காய்ந்த காத்து நல்ல வாய்ப்பு. பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, ரிட்டார்டர் தின்னரில் லேசாக நனைத்து, ஒரு முனையில் இருந்து மற்ற முனைக்கு ஒரே இழுவை. அதே இடத்துக்குத் திரும்பப் போகாதீங்க. மேல்படை இளகி, மாட்டுப்பட்ட ஈரம் வெளியேறி, தெளியும். ரெண்டு தரத்துக்குத் தெளியாட்டி வெள்ளை கீழ்ப்படையில் இருக்கு, அதையும் சுரண்டத்தான் வேணும்.

லக்கர் பிரஷுக்கு ஏற்ற சாமானும் இல்லை. ரெண்டாவது கை முதல் கையைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஸ்பிரே இல்லாத வீட்டு வேலைக்குத் துணியால் பூசுற எண்ணெய்-வார்னிஷ் கலவைதான் என்ர தெரிவு: கொதிக்கவைத்தது (boiled) என்று கடையில் விற்கிற லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, எண்ணெய் வார்னிஷ் ஒரு பங்கு, ரேர்பன்ரைன் ஒரு பங்கு. 4க்கு 2 அடிப் பலகைக்கு ஒரு கைக்கு 60 மில்லிலீற்றர் காணும். சாண்ட்பேப்பர் 120, 180, 240 என்று நாரோடு போய், தூசு துடைத்து, தாராளமாகப் பூசி, 15 நிமிசம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒன்றும் இல்லாமல் துடைக்கவேணும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள், மழைக்குணம் என்றால் ரெண்டு நாள். நாலு கை. தேக்கின் எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் பிடிக்கும், முதல் கைக்கு முன்னம் தின்னரால் துடைக்க மறக்காதீங்க.

கீழ்ப்பக்கத்துக்கும் அதே நாலு கை. மேலே மட்டும் பூசினால் ஈரம் கீழால் ஏறி இறங்கும், பலகை கிண்ணி மாதிரிக் குழிந்து வளையும்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீங்க. லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டின துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் கொடியில் காயப்போடுங்க, அல்லது தண்ணி வாளியில் அமுக்கி வைங்க.

தேங்காய் எண்ணெய் பூசினால் என்ன என்று யாரும் கேட்க முன்னம்: அது காயிற எண்ணெய் இல்லை. எத்தனை நாள் போனாலும் எண்ணெயாகவே கிடந்து, தூசியை இழுத்து, பிறகு காறல் மணம் எடுக்கும்.

பழைய தளபாடம் ஒன்றில் என்ன பொலிஷ் இருக்கு என்று தெரியாட்டி, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்க. ஒட்டினால் அரக்கு. ஒட்டாட்டி ஒரு சொட்டுத் தின்னர். இளகினால் லக்கர். ரெண்டுக்கும் அசையாட்டி எண்ணெய் வார்னிஷ் அல்லது பொலியூறிதேன்.

—

புதுஉளி (திருக்கோவில்)

இடையில் ஒரு கேள்வி. முதிரையில் கால் சீவும்போது எந்தப் பக்கம் சீவினாலும் கிழியுது. சீவுளி அலகு தீட்டித்தான் இருக்கு.

—

கழுந்து (வந்தாறுமூலை)

முதிரையில் நார் ஒரு படை வலத்தால் சாய்ந்தால் அடுத்த படை இடத்தால் சாயும். ஆனபடியால் எந்தப் பக்கம் போனாலும் பாதி நாருக்கு எதிர்த்துத்தான் சீவுறீங்க. மேல்தகட்டை (அலகுக்கு மேல பூட்டுற தகடு) அலகின் கூர் விளிம்பில் இருந்து அரை மி.மீ. தூரத்துக்குள் கொண்டுவாங்க, சீவலைப் பிளக்க விடாமல் உடனே மடிக்கும். சீவுளியின் வாயைச் சீவல் போகிற அளவுக்கு மட்டும் ஒடுக்குங்க. அதுக்கும் கிழிந்தால் அலகின் தட்டைப் பக்கத்தில் 10 பாகையில் ஒரு மயிரிழை அளவு தீட்டுங்க. 45 பாகையில் நிற்கிற அலகு 55 பாகையில் வெட்டுற கணக்கு வரும். தள்ளப் பாரமாக இருக்கும், கிழியாது. கடைசிக் கைக்குச் சுரண்டு தகடு.

தீட்டுறது 25 பாகையில், நுனியில் மட்டும் 30. தட்டைப் பக்கத்தில் பிசிர் போகாமல் தீட்டி முடிந்ததென்று நினைக்கவேண்டாம். நகத்தால் தொட்டால் பிசிர் தெரியும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடி, தடிப்புத் தரும். சாண்ட்பேப்பர் போடேக்க மாஸ்க் போடுங்க, வேலை முடியக் கை கழுவுங்க.

—

வாவிக்கரை (கல்லடி)

லாச்சிக்கு ஒருத்தரும் மருந்து சொல்லவில்லையே. பக்கப்பலகை மகோகனி, 150 மி.மீ. உயரம். இப்ப தாராளமாக ஓடுது.

—

மரக்காலை (சம்மாந்துறை)

இப்ப ஓடுறதைப் பார்த்து ஏமாறாதீங்க. 150 மி.மீ. மகோகனி, கழுந்து சொன்ன அந்த 4 வீத ஈர மாற்றத்துக்கு ஒன்றரை மி.மீ. வரைக்கும் உயரும். லாச்சியை உள்ளே தள்ளி மேலே எவ்வளவு இடம் இருக்கென்று பாருங்க. கச்சானில் 2 மி.மீ. இருக்கவேணும், அதுக்குக் குறைந்தால் மேல்விளிம்பைச் சீவுங்க. அகலப்பாட்டில் பக்கப்பலகை தடிப்பில் மட்டும்தான் ஊதும், பக்கத்துக்கு அரை மி.மீ. போதும். முன்பலகையின் உயரத்தையும் பாருங்க, அதுவும் தேக்கென்றாலும் ஊதும்.

எங்கே உரசுதென்று தெரியாட்டிப் பென்சிலால் விளிம்பு முழுக்கக் கிறுக்கி, நாலைந்து தரம் இழுத்து மூடுங்க. கிறுக்கல் அழிந்து பளபளக்கிற இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுங்க. பிறகு ஓடுற விளிம்பில் மெழுகுதிரி தேய்ங்க. சவர்க்காரம் தேய்க்கச் சொல்லுவாங்க, அது ஈரத்தை இழுக்கும், மாரியில் ஆகாது.

உட்பக்கத்துக்கு அந்த எண்ணெய்க் கலவை வேண்டாம், மூடின இடத்தில் மணம் போகாது. அரக்கு ரெண்டு கை: 500 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் 120 கிராம் செதில், ஒரு நாள் ஊறவிட்டு வடிச்சு. தேவைக்கு மட்டும் கரையுங்க. பழைய கரைசல் என்றால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, விடிய நகத்தால் அமுக்கினா அடையாளம் விழுதென்றால் ஊத்திவிடுங்க, அது இனிக் காயாது.

—

அரக்கு (களுவாஞ்சிகுடி)

கல்லடி என்றபடியால் ஒன்று சொல்லிவிடுறன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. பின்விறாந்தையில் வைத்த கருவியெல்லாம் துரு பிடிக்கும். வேலை முடிய அலகைத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை. ஒட்டுற வேலைக்கு முன்னம் சீவுளியின் அடிப்பக்கத்து எண்ணெயைத் துடைத்துவிடுங்க, விளிம்பில் பட்டால் பசை பிடிக்காது.